விசிறி

கருங்கீரிக்கு வால் இரண்டடி நாலு விரல்.
தரைக்குச் சமமாகப் போகும்,
நுனியில் மட்டும் கொஞ்சம் யோசித்துத் தாழும்.
முந்தின ராத்திரி
காபிக்குத் தண்ணீர் பாய்ச்சி மிச்சமான பிவிசி குழாய்க்குள்
அதைப் பதமாகச் செருகி
பழைய நைட்டித் துணியால் வாய்கட்டினேன்.

தாண்டிக்குடியில் முதல் பஸ் ஐந்தேகாலுக்கு.
பனியில் முகப்பு விளக்கு முதலில் வரும்,
பஸ் அப்புறம்தான் வரும்.
"சேவலுக்கு அரை டிக்கெட்டா பஞ்சவர்ணக்கா?"
முழுசாகவே எடுத்தேன்.
ஜன்னல் ஓரம் அதற்கு.

நாலு வருசம்.
கொக்குவெள்ளைப் பெட்டைக்கு வால் உண்டு, மூக்கு போதாது.
அவள் சேவலுக்கு மூக்கில் கிளி தோற்கும்,
கண் மட்டும் மஞ்சள்.
மகளை அப்பனோடு,
பேத்தியை மறுபடியும் அவனோடு
என்று நோட்டில் எழுதக் கை கூசும்.
எதிர்ப் பக்கத்தில்தானே
பூண்டுச் சீட்டுக் கணக்கும் சாமி பெயரும் இருக்கின்றன.
எண்பத்தேழு முட்டை.
குளிரில் கூமுட்டையானது போக
மரநாய் கொண்டுபோனது போக
மூக்கு நேராகிக் குழம்புக்குப் போனது போக
இது ஒன்று.
முத்துக்கண்.
நேராகப் பார்க்காது, நம்மைத் தாண்டிப் பார்க்கும்.

பெரும்பாறைக்குக் கீழே ஒரு வளைவில்
வாழைத்தார் லாரிக்கு ஒதுங்க
பிரேக் அடித்தார் டிரைவர்.
குழாய் என் முழங்காலில் இடித்தது.
உள்ளே ஒரு சத்தம்,
சீப்பில் ஒரு பல் போகிற அளவுதான்.
யாருக்கும் கேட்கவில்லை.
எனக்குக் கேட்டது. அதற்கும் கேட்டது.

சித்தரேவு தாண்டி ஸ்வெட்டரைக் கழற்றினேன்.
சேவல் வாய் பிளந்து மூச்சு வாங்கியது.

வத்தலக்குண்டுத் திடலில் குழாயை உருவினேன்.
இருந்ததிலேயே நீள இறகு
வேரிலிருந்து ஒரு சாணில் முறிந்து
நார் பிடித்துத் தொங்கியது.
பக்கத்துக் கூண்டு நெய்க்காரப்பட்டி சுலைமான்.
அவர் மயில் சேவலும் இதே பிரிவில்தான் நின்றது.
"எல்லாரும் செய்றதுதான், குடுங்க" என்று
ஊதுபத்திக் குச்சியைச் சீவி
இறகின் தண்டுக்குள் இறக்கி
அஞ்சு ரூபாய் பசை ஒரு சொட்டு விட்டு
ஊதினார், குழந்தைப் புண்ணுக்கு ஊதுகிற மாதிரி.
எனக்கே இடம் தெரியவில்லை.

நடுவர் லூர்துசாமி பேசமாட்டார்.
மூக்கைப் பார்த்தார், இமையை விலக்கினார்,
பூவை விரலால் அழுத்தினார், நகம் எண்ணினார்.
பிறகு வாலுக்கு அடியில்
கையை மெல்ல ஓடவிட்டார்.
கை ஓர் இடத்தில் நின்றது.
எடுத்து மோந்து பார்த்தார்.
மல்லிகை வாசம் அடித்திருக்கும்.
என்னைப் பார்த்தார்.
நான் கருங்கீரி மாதிரி
அவரைத் தாண்டிப் பார்த்தேன்.

மூன்றாம் பரிசு, டேபிள் ஃபேன்.
"விசிறிவாலுக்கு விசிறியே பரிசு!" என்று மைக் சிரித்தது,
கூட்டம் சிரித்தது.
சுலைமானுக்கு ஒன்றும் இல்லை,
அவரும் கைதட்டினார்.
மதிப்பெண் சீட்டை பஸ்ஸில்தான் விரித்தேன்.
மூக்கு ஒன்பது. கண் ஒன்பது. பூ எட்டு.
வால் என்ற இடத்தில்
ஒரு கோடு மட்டும்.
பூஜ்யம் இல்லை. கோடு.

புதன்கிழமை ஒட்டு விட்டுப் போனது.
ஆடியில் உதிர்ந்து
ஐப்பசிக்குள் புது இறகு வந்துவிடும்.
வராவிட்டாலும் சேவல் சேவல்தான் என்று
சொல்லிப் பார்த்தேன், வாயில் நிற்கவில்லை.

எங்கள் ஊரில் ஃபேன் எதற்கு?
சித்திரையிலும் கம்பளி போர்த்துகிற இடம்.
அது பரண்மேல் கிடக்கிறது.
அட்டைப்பெட்டிதான் உபயோகம்.
பெட்டிமேல் அச்சடித்த பெண்ணுக்கு
கூந்தல் காற்றில் பறக்க,
உள்ளே அறுபது வாட் குண்டு பல்புக்கு அடியில்
ஒன்றின்மேல் ஒன்று ஏறி
கருங்கீரியின் குஞ்சுகள் பதினொன்று.
மூக்கு வளைகிறதா என்று தெரிய
மூன்று மாதம் ஆகும்.
இப்போதைக்கு எல்லா மூக்கும்
அரிசி அளவு.