கறுப்பின் அளவு

"கறுப்பு அசல் கறுப்பாகவே தெரியும்" என்றான்
விற்கிற பையன்.
ஹாமர்ஃபெஸ்டில், டிசம்பரில்,
மதியம் ஒரு மணிக்கு.
கடைக் கண்ணாடிக்கு வெளியே
தார் ஊற்றியதுபோல் கிடக்கிறது இருட்டு.
நவம்பரில் போன சூரியன்
ஜனவரி கடைசியில்தான் தலைகாட்டும்.
எங்களுக்கே கறுப்பைக் காட்டுகிறான்.

எஸ்கில் என்று சட்டையில் குத்தியிருந்தது.
மேசையில் இரண்டு பிளேயர்கள்.
ஒன்று இரண்டாயிரம் குரோனர்,
மற்றது ஒன்பதாயிரத்துச் சொச்சம்.
இரண்டிலும் ஒரே வட்டு, ஒரே காட்சி,
பக்கத்துப் பக்கத்துத் திரைகளில்
ஒரே ஆந்தை ஒரே நேரத்தில் கண் சிமிட்டுகிறது.

முப்பத்தாறு வருஷம் துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவன் நான்.
எடை தெரியாமல் எதையும் நம்புவதில்லை.
தூக்கிப் பார்த்தேன்.
விலை கூடியது ஏழு கிலோ இருக்கும்.
"அடியில் இரும்புத் தகடு" என்றான்,
"வட்டு சுழலும்போது அதிராமலிருக்க."
பெட்டியைத் திருப்பினேன்:
ஆறு திருகுகள், ஒரு தகடு.
அதை என் பட்டறையில் நானே வெட்டியிருப்பேன்.

ரன்வெய்க் ஒன்றும் பேசாமல்
கையுறையால் இடது கண்ணைப் பொத்தினாள்.
பிறகு வலது.
மறுபடி இடது.
பையன் என்னைப் பார்த்தான்.
"அக்டோபரில் ஒரு கண்ணுக்குப் புரை எடுத்தார்கள்" என்றேன்,
"அடுத்தது மார்ச்சில்."

"இந்தக் கண்ணில் ஆந்தை வெள்ளை" என்றாள்,
"அந்தக் கண்ணில்
யாரோ நீர்த்த காப்பியில் முக்கி எடுத்த ஆந்தை."
"எந்தத் திரையில், அம்மா?"
"இரண்டிலும்தான்."

எஸ்கில் எதையோ சொல்ல வாயெடுத்து
மூடிக்கொண்டான்.
பயிற்சியில் இதற்குப் பதில்
சொல்லித் தந்திருக்க மாட்டார்கள்.

இரண்டாயிரத்தையே வாங்கினோம்.

எங்கள் திரையரங்கு நிலவறையில்,
உறைபெட்டிக்கும் பனிச்சறுக்குக் கட்டைகளுக்கும் நடுவில்.
போன வருஷம் சுவர் நாலுக்கும்
நானே கறுப்பு அடித்தேன்,
படத்தின் வெளிச்சம் சுவரில் பட்டுத் திரும்பக் கூடாதென்று.
மூன்று பூச்சு.
வந்தவர்களிடமெல்லாம் காட்டியிருக்கிறேன்.

தட்டு வெளியே வந்தது,
வட்டை வாங்கிக்கொண்டு உள்ளே போனது.
ஏதோ ஒரு கப்பல் கதை.
எல்லாம் பழையதுபோலத்தான் இருந்தது எனக்கு.
எத்தனையோ லட்சம் புள்ளிகள் என்றானே, எங்கே?
கண்ணாடியைத் துடைத்தேன்.
திரையைத் துடைத்தேன்.
கேபிளைப் பிடுங்கிச் செருகினேன்.

"என்ன அழகான நீலக் கோட்டு" என்றாள்.
"யாருக்கு?"
"மாலுமிக்கு."
"அது சாம்பல் இல்லையோ?"
அவள் திரும்பவில்லை.
கொஞ்சம் கழித்து, படத்தோடு பேசுவதுபோல,
"இந்தச் சுவரும் நீலம்தான், ஓட்வார்."

"அக்டோபரிலிருந்தே தெரியும்.
நீ மூன்று பூச்சு அடித்திருந்தாய்."

படத்தை நிறுத்தச் சொல்லாமல் எழுந்தேன்.
மாடிப்படிக்கு அடியில், வலைகளுக்குப் பின்னால்
அந்த டப்பா இருந்தது.
டார்ச் அடித்தேன்.
மூடியைச் சுற்றி வழிந்து காய்ந்தது கறுப்பு,
என் கண்ணுக்கு எப்போதும்போல் கறுப்பு.
விரலால் சுரண்ட,
சின்ன எழுத்தில் தெரிந்தது:
ஆழ்கடல் நீலம்.
அதற்குக் கீழே ஒரு எண்.
எண்ணையும் ஒருமுறை படித்தேன்.

மேலே யாரோ பனி தள்ளும் சத்தம்.
பிளேயர் பொறிவிசிறியின் மெல்லிய முனகல்
இங்குவரை கேட்டது;
இரும்புத் தகடு இருந்தால் கேட்டிருக்காதோ என்னவோ.

திரும்பிப் போய் உட்கார்ந்தேன்.
அவள் போர்வையில் பாதியை
என் முழங்கால்மேல் தள்ளினாள்.
"எங்கே நிற்கிறது கதை?"
"கரை இறங்கிவிட்டான்."
"எவன்?"
"நீலக் கோட்டுக்காரன்."

தேடினேன்.
துறையில் நிறையப் பேர் நடந்துகொண்டிருந்தார்கள்.