கொற்கைக்கு டிக்கெட் இல்லை

பழையகாயல் தாண்டும்போது
பின்சீட்டிலிருந்து என் காதுக்குள்
துனீசைச் சொல்லிக்கொண்டு வந்தான் மச்சாது.
கடலோரம் கார்த்தேஜ் என்று சிதைந்த நகரமாம்.
சரக்கு இறங்கிய பத்து மணி நேரத்தில்
கேப்டனிடம் கேட்டுக்கொண்டு போனானாம்.
ஒரே டிக்கெட்டில் ஏழெட்டு இடம்.
ரோமாபுரிக்காரன் குளித்த கூடத்தின் தூண்கள்
இன்னமும் கடலைப் பார்த்தபடியே நிற்கின்றன,
நீலமென்றால் அப்படி ஒரு நீலம்.
காவலாளி ஒருவன் பழைய காசென்று
உள்ளங்கையைத் திறந்து காட்டி மூடினான்.
வாங்கவில்லை என்கிறான்.

கல்யாணமாகிப் பதினோரு வருஷம்.
ஒன்பது மாசம் கப்பல், மூன்று மாசம் வீடு.
தூத்துக்குடியிலிருந்து முக்கால் மணி நேர ஊருக்கு
இன்றைக்குத்தான் கூட்டிவருகிறேன்,
ஹெல்மெட்டுக்குள் வேர்த்து வடிய.

கொற்கையில் தூண் இல்லை.
வாழை. அதற்கு அந்தப்புறமும் வாழை.
குளத்தோரம் அம்மன்,
சாய்ந்தும் சாகாத வன்னிமரம்,
காசு அடித்த அக்கசாலையின் பேரோடு
வயலுக்குள் ஒரு சாமி. நடை சாத்தியிருந்தது.
துறைமுகம் எங்கே என்றான்
பஸ் ஸ்டாண்டைக் கேட்கிற மாதிரி.
கிழக்கே கையைக் காட்டினேன்.
யாரும் துரத்தவில்லை அதை.
ஆறு மண்ணைக் கொண்டுவந்து கொட்டக் கொட்ட
முகத்தை இந்தப் பக்கம் வைத்தபடியே
பின்னுக்கு நடந்து போய்விட்டது கடல்.

அப்போதுதான் போர் லாரியின் இரைச்சல் நின்றது.
வரப்பிலிருந்து உச்சிமாகாளி என்கிறவள்
"எதைப் பாக்க வந்திய?"
"பழைய ஊரை."
"நல்லாப் பாருங்க" என்று
குழாய் கக்கிய சகதியைக் காலால் தள்ளினாள்.
கறுத்த களி. உள்ளே வெள்ளை வெள்ளையாய்
சிப்பி, உடைந்த சங்கின் உட்சுருள்.
"நூத்திப்பத்தடி. அடிக்கு இவ்வளவுன்னு எண்ணி வச்சாச்சு.
பூரா உப்பு.
கடலு எங்கயும் போவல,
என் துட்டத் திங்க கீழ கெடக்கு."

எங்கள் இரண்டு வீட்டுக்கும்
முத்துக் குளித்த வம்சம் என்று பேர்.
இவன் இஞ்சின் ரூமில் டீசலில் குளிக்கிறான்.
ஆனாலும் குனிந்து ஒரு கை அள்ளி
நாக்கில் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டு
"கடல் இதைவிட உப்புக்கா" என்றான்.
"அப்போ வாழை குடிக்குமா?"
"குடிக்காது."
அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்தாள்.
லாரிக்காரன் பில் புத்தகத்தோடு வந்தான்.
"சிப்பி வேணும்னா அள்ளிட்டுப் போங்க,
இங்க டிக்கெட்டெல்லாம் கெடையாது."

திரும்பும்போது என் முதுகில்
அவன் சட்டைப்பை உறுத்திக்கொண்டே வந்தது.
உப்பளம் தெரிந்ததும் வண்டியை நிறுத்தி
என்ன அது என்றேன்.
ஒன்றுமில்லை என்று கையை மூடிக்கொண்டான்.

பதினேழாம் தேதி கொச்சியில் கப்பல் ஏறினான்.
பதினெட்டாம் தேதி சட்டையை நனைத்தேன்.
பைக்குள் கறுத்த களி மட்டும் இருந்தது,
இரண்டு தண்ணீரில் போகவில்லை.