ஒன்றுக்கு ஒன்று

பாதிப் பாக்கெட் என்று ஒன்று கிடையாது.
உறைக்குள் எந்தப் பொடி மேலே, எது அடியில்
யாருக்கும் தெரியாது.
ஒரு லிட்டர் என்றால் முழுசாய்க் கொட்டிக் கரைக்கணும்.
நேற்றிரவு கரைத்தேன், ஐம்பது டிகிரிச் சுடுநீரில்,
மூக்கைத் துணியால் கட்டிக்கொண்டு,
டயாலிசிஸ் மையத்தில்
பைகார்பனேட் கலக்குகிற அதே கையால்.
ஆறியதும் பழுப்புப் போத்தலில், கழுத்துவரை.

இன்று செந்தூலில் தண்ணீர் இல்லை.
முப்பத்தாறு மணிநேரம் என்று லிஃப்டில் நோட்டீஸ்.
அதன்மேல் யாரோ பேனாவால்
'நம்பாதே' என்று எழுதியிருந்தார்கள்.
பதினோராவது மாடியில் எங்களிடம் இரண்டு வாளி.
ஒன்று ஹுய் மின் குளிக்க.
மற்றதில் சோறு, பாத்திரம், என் ஃபிலிம்.
"உன் ஃபிலிம் இன்னிக்கே குளிச்சாகணுமா?"
அவளுடைய அலமாரிக்குள் தலையை விட்டு,
சட்டைகளுக்கு நடுவே, இருட்டில்
ரீலில் சுற்றிக்கொண்டிருந்தேன்.
பதில் சொல்ல வாகில்லை.

கரைசல் நூற்றைம்பது.
காய்ச்சி ஆறிய தண்ணீர் நூற்றைம்பது.
குவளையைக் கண்மட்டத்துக்குத் தூக்கினேன்.
நீர் ஓரத்தில் ஏறி நிற்கும்,
அடிவளைவைத்தான் படிக்கணும்.
முந்நூறு.

சன்னாசி அண்ணனுக்கு ஒரு நாளைக்கு ஐந்நூறு.
கஞ்சி, காப்பி,
மாத்திரை விழுங்கும் மடக்கு, எல்லாம் அதற்குள்.
திங்கள் புதன் வெள்ளி
எடை மேடையில் ஏறுமுன்
செருப்பைக் கழற்றுவார், சில்லறையை எடுப்பார்,
பெல்ட்டையும் உருவுவார்.
அப்படியும் மூன்று கிலோ கூடியிருக்கும்.
"ஐஸ்தானே வாயில போட்டேன்."
ஐஸும் தண்ணிதாண்ணே.

மாமாக் கடையில் இரண்டு வெள்ளிக்கு ஒரு பை ஐஸ்.
வாளித் தண்ணீர் இருபத்தொன்பது டிகிரி.
பாக்கெட்டின் முதுகில் அச்சடித்தவருக்கு
இருபதுதான் இயல்பு. அவர் ஊர் எதுவோ.
பையைக் குவளைக்கு வெளியே சுற்றிவைத்தேன்.
ஒரு கட்டி உள்ளே விழுந்தாலும்
ஒன்றுக்கு ஒன்று கெட்டுப்போகும்.
இருபத்து நான்கில் முள் நின்றது.
அதற்குமேல் கெஞ்சவில்லை. ஏழு நிமிடம்.

கவிழ்த்து, நிமிர்த்தி, தட்டி, காத்து.

ஏழாவது படமோ எட்டாவதோ.
போன வெள்ளிக்கிழமை, ஊசி எடுத்துக் கட்டுப் போட்டபின்,
கீழ்க்கடையில் பெரிய கிளாஸ் சிராப் ஐஸ் வாங்கினார்.
இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.
"எடு. நான் குடிக்க மாட்டேன்.
படத்துல இருக்கறவன் குடிக்கட்டும்."
எடுத்தேன். கிளாஸை என் பக்கம் நீட்டினார்.
அவர் பார்த்துக்கொண்டிருக்க
நான் குடித்தேன், அடிவரை.
தித்திப்பு அதிகம்.
இன்னும் தண்ணீர் விட்டிருக்கலாம் என்று
அவரிடம் எப்படிச் சொல்வது.

கெட்டியாவே ஊத்தினா என்ன, என்றாள் ஹுய் மின்.
ஊற்றலாம். படம் வரும், வழவழவென்று.
நீர்த்தால்தான் விளிம்பு கூராகும்,
விரல் முடிந்து கண்ணாடி தொடங்கும் இடம்.
ஆனால் நீர்த்தது ஒரு தடவைக்குத்தான்.
மறுபடி போத்தலுக்குள் போகாது.
கக்கூஸில் ஊற்றினேன்.
"ஒரு சொம்பு மிச்சம்" என்றாள்.

பிக்ஸர் முடிந்து கழுவ வாளியில் முக்கால் அடிதான்.
நிரப்பி, ஐந்து முறை கவிழ்த்துக் கொட்டு.
நிரப்பி, பத்து.
நிரப்பி, இருபது.
ஒரு லிட்டருக்குள் ஒரு சுருள் குளித்து முடித்தது.

துணிக்கொடியில், விளக்குக்கு நேராக:
நரைத்த தலை நெகட்டிவில் கறுகறுவென்று,
இருபது வயதுக்காரனைப்போல.
சிராப் சாயம் போய்த் தெளிந்த நீராய் நிற்கிறது.
அதில் கரிக்கட்டிகளாய் மிதக்கிறது ஐஸ்.
பல் கறுத்துச் சிரிக்கிறார்.

ஒன்றரை மணிக்குக் குழாய் இருமியது.
தேத்தண்ணி நிறத்தில் கொஞ்சம், பிறகு காற்று,
பிறகு கொஞ்சம்.
தூக்கத்திலிருந்தே கேட்டாள், "வந்துடுச்சா?"
வருது, என்றேன்.