நான்கு பாகை

கிரான் நகரில் பிப்ரவரி, மாலை நாலு மணிக்கே இருட்டு.
மேலே குன்றில் பனித்தாவல் மேடையின் விளக்குகள்.
யெர்னேயா அந்தப் பக்கம் பார்க்காமல்
காலுறையைச் சுருட்டி ஷூவுக்குள் திணிக்கிறாள்.

தரையில் மஞ்சள் டேப். அதன்மேல் வலது பாதம்.
முட்டி முன்னே போகலாம், போகிற மட்டும்.
குதிகால் எழக்கூடாது,
எழுந்தால் அது கணக்கில் இல்லை.

முட்டிக்குக் கீழ் பதினைந்து சென்டிமீட்டரில்
பேனாவால் ஒரு புள்ளி.
குளித்து அழித்துவிட்டு வருவாள்,
மறுபடி அளப்பேன், மறுபடி புள்ளி.

முன்பெல்லாம் கண்ணாலேயே சொல்லிவிடுவேன்.
"முப்பத்தைந்து இருக்கும்."
கணுக்காலைப் பார்த்துச் சொன்னதாகத்தான் நினைத்தேன்.
முகத்தைப் பார்த்துச் சொல்லியிருக்கிறேன்.
காக்கை தன் குஞ்சை அளந்தால்
பொன்னென்றுதானே வரும்.

அதனால் அளவியின் முகப்பில் தாள் ஒட்டினேன்.
புள்ளியில் வைத்துப் பிடிப்பது மட்டும் நான்.
விட்டோமிர் குனிந்து தாளைத் தூக்கிப் படிப்பான்,
வாய் திறக்காமல் எழுதுவான்.
அதுவரை நான் சன்னலைப் பார்க்க வேண்டும்.
எடுத்து, வைத்து, எடுத்து, வைத்து,
மூன்று முறை.

டிசம்பரில் இருபத்து நான்கு.
ஜனவரியில் ஒருநாள் இருபத்தேழு.
"ஏறிவிட்டது!"
"நான்கைத் தாண்டட்டும், சொல்கிறேன்.
அதற்குள் இருப்பது என் கை நடுக்கமாக இருக்கலாம்,
நீ படியேறி வந்த சூடாக இருக்கலாம்."
"ஏவுதடத்தில் குந்தியிருக்கும்போது
மூன்று பாகை என்றால் எவ்வளவு தெரியுமா உனக்கு?"
தெரியாது என்றேன்.
கோபத்தில் ஒரு ஷூவை மறந்துவிட்டுப் போனாள்,
வெறும் காலுறையோடு வாசல் வரை.

இன்று வலது முப்பது.
இடது முப்பத்து நான்கு.
"நான்குதான் வித்தியாசம்! பதினான்கு இருந்தது!"
கட்டிலிலிருந்து குதித்துக் கைதட்டினாள்,
இரண்டு காலிலும் இறங்கினாள்,
அதை நான் கவனித்தேன், சொல்லவில்லை.

விட்டோமிர் கைதட்டவில்லை.
நோட்டைப் பின்னுக்குப் புரட்டிக்கொண்டிருந்தான்.
டிசம்பர், இடது: முப்பத்து எட்டு.

யாருமே அந்தக் காலைக் கேட்கவில்லை.
ஒன்பது வாரம் ஊன்றுகோலுக்கு நடுவே
உடம்பு முழுவதையும் ஒற்றையாய்ச் சுமந்த கெண்டை
சத்தமில்லாமல் இறுகியிருக்கிறது.
பள்ளம் மேலேறியது ஆறு.
மேடு கீழிறங்கியது நான்கு.
இரண்டும் சேர்ந்து சமவெளி மாதிரித் தெரிகிறது.

அல்லது ஒன்றுமே இறங்கவில்லை.
நான்கு, பிழையின் வேலிமேல்
காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருக்கிற எண்.
எந்தப் பக்கம் குதிக்கும் என்று
எனக்கே சொல்லத் தெரியவில்லை.

யெர்னேயா நோட்டை வாங்கிப் பார்த்தாள்.
நெடுநேரம் பார்த்தாள்.
பிறகு யாரும் சொல்லாமலே
இடது பாதத்தை மஞ்சள் டேப்பில் வைத்தாள்.

புள்ளி வைத்தேன்.
அளவியை வைத்தேன்.
சன்னலில் மேடையின் விளக்குகள்,
காதருகே
தாள் தூக்கப்படும் ஓசை.