வளைவு

தொண்ணூற்றாறில் இந்த ஆற்றை
நேராக்கியவன் நான்தான்.
ஓவர்டைம், மணிக்கு ஆறு வெள்ளி.
செம்பனை மில் பின்பக்கத்திலிருந்து பஸ் ஸ்டாண்டு வரை
அடிக்கோல் வைத்து இழுத்தாற்போல் சிமெண்டு.
மறுவாரமே ஜனங்கள் அதை
லோங்காங் என்று சொல்லத் தொடங்கினார்கள்.
ஆறு என்ற சொல்
பாலத்துப் பலகையில் மட்டும் மிஞ்சியது.

பண்டாராயா மீன் ஒன்றுதான் அதில் பிழைத்தது,
நகராட்சியின் பெயரையே சூடிக்கொண்டு
சுவரை நக்கியபடி.

இன்று வேறு பேக்கோ, அதே ஆள்.
இஞ்சினியர் தமயந்தி வரைபடத்தை விரிக்கிறாள்:
"அண்ணே, பழைய வளைவு எங்க இருந்துச்சு?"
வேறு யாரைக் கேட்பாள்?
கடைசியாக அதைப் பார்த்தவை
என் வாளியின் பற்கள்.

சுராவ் பக்கம் ஒரு கொண்டை ஊசி,
தோட்டத்துக் கோயில் பின்னால் ஒரு சோம்பல்,
அப்புறம் ஸ்கூல் வேலியை உரசிக்கொண்டு...
கை காட்டிக்கொண்டே போனேன்.
சிமெண்டு எளிதில் உடையவில்லை.
நல்ல வேலை செய்திருக்கிறேன்.

கோரை நட்டார்கள். மழை வந்தது.
ஐந்தாம் மாதம்
என் பேக்கோவின் சங்கிலி அழுத்திய பள்ளத்தில்
ஓர் ஆண் செப்பாட்
எச்சில் நுரையால் கூடு கட்டி
அதன் கீழ் காவல் நின்றது.
அருகில் போனால்
விரலை முட்ட வந்தது.

திட்டத்தில் அந்தப் பள்ளம் இல்லை.
மூடச் சொன்னார் தவுக்கே தெங்.
டீசல் இல்லை என்றேன்.

முள் பாதிக்கு மேல் நின்றது.
துண்டை அதன்மேல் போட்டுவிட்டு
இறங்கினேன்.