இரண்டாம் சாட்சி

முல்லைத்தீவிலிருந்து நொத்தாரிசு வஸ்தியாம்பிள்ளை
ஒன்றரை நாள் வண்டிலில் வந்து இறங்கினார்.
காலெல்லாம் உண்ணிக் கடி. கையில் முத்திரைக் கடதாசி.
கோணாமலையர் பாயில் கிடந்தார்.
காய்ச்சல் விட்டு விட்டுக் காய்ந்தது.
மரணசாதனத்துக்கு இரண்டு சாட்சி வேண்டும்.
ஒருவர் விதானை.
மற்றது, எருமை தேடி அவ்வழியால் போன நான்.

'சுயபுத்தியோடும் நல்ல நினைவோடும்' என்று
மை தொடங்கியது.
நினைவில் மனிதர் வெகு கெட்டி.
வீரையடிக் குளத்தின் கீழ், மேல்வெளி
மூன்று அவண விதைப்பாடு மூத்தவன் நீலயினாருக்கு.
கீழ்வெளி, பன்றி கிளறும் அந்த மூலை உட்பட,
இளையவன் வைரவிக்கு.
எருமை பதினேழு. குறி சுட்டது பதினாறு,
சுடாத கன்று கோயிலுக்கு.
கொம்பறை இரண்டு. ஒன்று வெறுமை.
அதையும் எழுதச் சொன்னார்.

குளம் உடைத்து மூன்று வருசம்.
அதை எவரும் எழுதச் சொல்லவில்லை.
கிழக்கெல்லை வாய்க்கால் என்று எழுதினார் நொத்தாரிசு.
வாய்க்காலுக்குள் ஆவரசு பூத்துக் கிடந்தது.

"ஒரு மகளும் உண்டல்லோ?"
"சீதனம் கொடுத்தாச்சு" என்றார் விதானை.
"வழக்கப்படி அவளுக்கு இனிப் பேச்சில்லை."
அடுப்படியில் பத்தினிப்பிள்ளை
கொத்தமல்லி அவித்துக்கொண்டிருந்தாள்.
ஊதுகுழல் நின்றது.

கோணாமலையர் கண்ணை மூடித் திறந்தார்.
"முதுசத்தில் இல்லை.
நான் தேடின தேட்டத்தில் சொல்லுறன், எழுதும்.
ஊர் எனக்குத் தரவேண்டிய கடன் முழுதும்
அவளுக்கு."
பிறகு வீடு வீடாய்ச் சொன்னார்.
சடையன் ஒன்பது மரைக்கால் விதைநெல்.
உமையாத்தை நாலு.
பூதன் பன்னிரண்டு.

பூதன் நான்.
விதானை கூரையைப் பார்த்தார்.
எழுத்துத் தெரியாது எனக்கு.
என் பட்டிக் குறியை, பிறையும் கீழே ஒரு கோடும்,
கடதாசியில் கீறினேன்.
தன் கழுத்துக் கயிற்றைத் தானே முடிந்து கொடுத்த மாடு
அந்தக் காட்டில் நான் ஒருவன்தான்.

ஆடியில் அவர் போனார்.
அந்தியேட்டி கழிந்த மறுநாள்
மரைக்காலோடு என் படலையில் நின்றாள் அவள்.
"நெல்லுக்கு எங்கை போவன் பிள்ளை,
குரக்கனும் இல்லை" என்றேன்.
"நெல்லை ஆர் கேட்டது?
மரைக்காலுக்கு நூறு கூடை மண்.
உடைப்பிலை கொண்டுபோய்க் கொட்டு."

பன்னிரண்டு நூறு.
கைவிரலில் எண்ணினேன், கால்விரலிலும் எண்ணினேன்.

கூடைக்கு ஒரு புளியங்கொட்டை
மரைக்காலுக்குள் விழும். அதுதான் கணக்கு.
கட்டில் குந்தியிருந்து போட்டாள்,
வெயில் சாயுமட்டும், ஆவணி முழுதும், புரட்டாதி முழுதும்.
கடன்படாத ஐந்து வீட்டார்
வேடிக்கை பார்க்க வந்தார்கள்.
சும்மா நிற்கிற கைக்கும் கூடை கொடுத்தாள்.
நீலயினாரும் வைரவியும் ஒரு கிழமை வரவில்லை.
வந்த பிறகு ஒன்றும் கதைக்காமல் சுமந்தார்கள்.

கார்த்திகையில் வான் பாய்ந்தது.
தண்ணீர் மேல்வெளிக்குப் போனது,
கீழ்வெளிக்குப் போனது,
பன்றி கிளறும் மூலைக்கும் போனது.
அங்கே அவளுக்கு ஒரு முழம் நிலம் இல்லை.

மாசியில் சூடு மிதித்து
மூத்தவன் ஒரு வண்டில் நெல் அனுப்பினான்.
அளந்து, பாதியை உள்ளே எடுத்தாள்.
மறுபாதியைத் திருப்பி அனுப்பினாள்,
அண்ணன் பெயரில் கடன் என்று.

என் கொட்டைகளை அன்றே எண்ணியிருந்தாள்.
ஆயிரத்து நூற்றுத் தொண்ணூற்றொன்பது.
"ஒண்டு குறையுது."
"வாற வருசம் போடுறன்" என்றேன்.
வருசங்கள் வந்தன.

இப்போது காய்ச்சல் எனக்கு.
நொத்தாரிசின் வண்டில் கூலிக்கு வழியில்லை,
அதனால் மகன் சேந்தனிடம் வாயால் சொல்லிவிட்டேன்:
ஒரு கூடை மண், உனக்கு என் முதுசம்.
முதலைக் கட்டி முடித்துவிடாதே.
மாரிக்கு முன்னம் குளக்கட்டுக்குப் போய்
வட்டியைக் கொட்டு.