ஆறு பாகை உயரம்

அட்லாண்டிக்கின் அந்தக் கரையில் நால்வரையும் எழுப்பும்போது
அவர்களுக்கு அதிகாலை மூன்று.
எனக்கு லோடியத்தில் காலை பத்து.
நேற்றைய பீன்ஸ் கறியை ரொட்டிக்குள் வைத்து
நின்றபடியே தின்கிறேன்.
அவர்களுக்கு முட்டை, இறைச்சித் துண்டு,
யாரும் முழுதாகச் சாப்பிடாத ஒரு கேக்.
படம் எடுக்கவென்றே வெட்டுவார்களாம்.

பிறகு சீட்டாட்டம்.
தலைவர் தோற்கிறவரை எவரும் எழக்கூடாது.
கெட்ட நேரத்தைத் தரையிலேயே செலவழித்துவிட்டு
வெறுங்கையோடு ஏறவேண்டும் என்பது ஏற்பாடு.
நானும் வழியில் ஒரு லாட்டோ சீட்டு வாங்கினேன்,
விழாது என்ற நம்பிக்கையில்.

உடைக்குள் காற்றடைத்து ஒழுகுகிறதா என்று பார்ப்பார்கள்.
கையுறையைப் பூட்டுகிறவர் முகத்தைப் பார்ப்பதில்லை.
குடும்பம் கயிற்றுக்கு அப்பால்;
கையசைக்கலாம், தொட முடியாது.
அப்புறம் மல்லாந்து, கால்கள் மேலே,
மூன்று மணி நேரம், இடுப்பில் நாப்பியோடு.
எனக்கு அதுவும் கிடையாது.
பன்னிரண்டு மணிக்கே டீயை நிறுத்திவிட்டேன்.

மகாலீஸ்பெர்க் சரிவில் எங்கள் டிஷ்
பன்னிரண்டு மீட்டர் விரிந்து
மழைக்கு ஏந்திய சட்டிபோல் நிற்கிறது.
இரண்டு மணிக்கு லோட்ஷெட்டிங், நான்காம் கட்டம்.
தெபோகோ ஜெனரேட்டரை உதைக்காமல்
பேசியே எழுப்பினான்.
தெற்கே ஜோபர்க்கைக் காணோம், மேகம்தான் இருக்கிறது.
காற்று எழுபதைத் தாண்டினால்
டிஷ்ஷை மல்லாத்திப் பூட்டவேண்டும்.
விதி. சுவரில் ஒட்டியிருக்கிறது.
ஒட்டியவள் நான்.

மூன்று பத்துக்குக் கிளம்பினார்கள்.

மேலே போவதைத்தான் எல்லாரும் பார்க்கிறார்கள்.
அது சின்ன வேலை. எறிந்த கல்லும் மேலே போகும்.
பக்கவாட்டில் ஓடுவதுதான் பாடு.
நொடிக்கு எட்டு கிலோமீட்டர் கிட்டத்தட்ட;
விழுந்துகொண்டே இருக்கவேண்டும்,
விழப்போகும் இடத்திலிருந்து பூமி
வளைந்து விலகிக்கொண்டே இருக்கவேண்டும்.
அந்த வேகத்துக்கு எரிபொருள்,
அந்த எரிபொருளைத் தூக்க எரிபொருள்,
அதையும் தூக்க.
தொங்காட் ஆலையில் நூறு டன் கரும்புக்குப்
பத்துப் பன்னிரண்டு டன் சீனி தேறும்.
இங்கே நூற்றுக்கு மூன்று. நான்கு என்றால் திருவிழா.
மற்றதெல்லாம் புகை, கடலுக்குப் போகும் தகரம்.
அந்த மூன்றுக்குள் நாலு பேர்.

எட்டரை நிமிடத்தில் எஞ்சின் நின்றது என்றது ஹெட்போன்.
நின்றது சரி.
போய்ச் சேர்ந்ததா என்பதற்கு
இந்தப் பக்கத்தில் முதல் காது என்னுடையது.
வடக்கே, முள்மரங்களை உரசினாற்போல்
ஆறு பாகைக்கு மேல் எழாமல்
ஐந்து நிமிடம் போகும். அவ்வளவுதான் எனக்கு.

காற்று அறுபத்துமூன்று. அறுபத்தெட்டு.
தெபோகோ என்னைப் பார்த்தான்.
நான் சுவரைப் பார்க்கவில்லை.
மூன்று முப்பத்தாறு.
திரை முழுக்க வெட்டாத புல்போல இரைச்சல்.
எழுபத்தொன்று.
"சலோஷினி" என்றான், வேறொன்றும் சொல்லாமல்.
டிஷ் நடுங்குவது நாற்காலி வழியே முதுகுக்கு வந்தது.

பதினோரு நொடி தாமதித்து
புல்லுக்கு நடுவே ஒரு தண்டு எழுந்தது.
ஒல்லியாக, சற்றே மேல் சுருதியில்,
நம்மை நோக்கி வரும் எதற்கும் உள்ள சுருதியில்.

எண்கள் கொட்டின. காபின் அழுத்தம், வெப்பம்,
பிறகு நாலு இதயம்:
நூற்றுப் பன்னிரண்டு, தொண்ணூற்றெட்டு,
நூற்று நான்கு, எழுபத்தாறு.
எழுபத்தாறு யார் என்று தெரியவில்லை.
என் கைக்கடிகாரம் நூற்று முப்பத்தொன்று காட்டியது,
உட்கார்ந்த இடத்திலேயே.

சுருதி இறங்கி, வடகிழக்கில் தேய்ந்து,
மொசாம்பிக் பக்கம் போய்விட்டார்கள்.
டிஷ்ஷைக் கிடத்திப் பூட்டினோம்.
பதிவேட்டில் காற்றின் வேகத்தை உள்ளபடியே எழுதினேன்,
எழுபத்தொன்று. நாளைக்குக் கேட்பார்கள்.
கழிப்பறைக்கு ஓடினேன்.

வெளியே வந்தால் ஆலங்கட்டி.
தகரக் கூரை, முற்றம், என் கொரோலாவின் முன்கண்ணாடி.
ஒன்றுகூடத் தப்பாமல்
அத்தனையும் தரைக்கு வந்து சேர்ந்தன.